ஒரு மேசை, இரண்டு கணினிகள்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கி அலுவலகப் பணி வீடுகளுக்குள் வந்தபோது, குரோம்பேட்டை, பல்லாவரம், சானடோரியம், தாம்பரம் எனச் சென்னையின் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் இரண்டு கணினிகள் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. நிறுவனம் கொடுத்தனுப்பிய மடிக்கணினி ஒன்று. குடும்பம் முன்பே வாங்கி வைத்திருந்த மேசைக்கணினி மற்றொன்று. திரை, விசைப்பலகை, சுட்டி, ஹெட்செட் ஆகிய துணைக்கருவிகளை இவ்விரண்டும் மாறிமாறிப் பயன்படுத்தும் வழக்கம் அப்போது இடநெருக்கடியால் பரவி, ஊரடங்கு முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் நிலைத்திருக்கிறது. இது சிக்கனமான, உடலுக்கு உகந்த வழக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது என்ற வேறுபாடு பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போகிறது.

தொழிற்கருவி யாருடையது என்ற கேள்வி இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் தோல் தொழிற்சாலையின் கருவிகள் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தன. தொழிலாளி வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்பினார். 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலமாக அமைந்து, பின்னர் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறிய மெப்ஸ் வளாகத்திலோ கருவிகளுக்குச் சுங்க வேலியும் உண்டு; வரிவிலக்கோடு வாங்கிய கணினி வாயிலைத் தாண்ட அனுமதி வேண்டும். 2022 ஜூலையில் இம்மண்டலங்களுக்கான விதிகளில் சேர்க்கப்பட்ட 43ஏ விதி, வீட்டிலிருந்து பணியாற்றுவோருக்கு வேண்டிய கருவியையும் பாதுகாப்பான இணைப்பையும் நிறுவனமே தரவேண்டும் என்றும், கருவியை வெளியே கொண்டுசெல்லும் அனுமதி ஊழியருக்கான பணி அனுமதியோடு முடிந்துவிடும் என்றும் கூறியது. நடைமுறையில் பல வீடுகளுக்கு வந்தது மடிக்கணினி மட்டுமே. அதைச் சுற்றியுள்ள மேசையும் நாற்காலியும் திரையும் ஊழியரின் செலவாயின.

மடிக்கணினியை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு மணிநேரம் வேலை செய்வது உடலுக்குத் தீங்கானது. அதன் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்கு வசதியான உயரத்தில் வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ, கண்ணிலிருந்து 20 முதல் 40 அங்குலத் தொலைவில் இருக்கவேண்டும் என்பது பணிநலத் துறையினர் பொதுவாகத் தரும் அளவு. தனித் திரையும் தனி விசைப்பலகையும் இல்லாமல் இதை எட்ட முடியாது. இரண்டு படுக்கையறை வீட்டில், பகலில் பிள்ளையின் படிப்புக்கும் மாலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும் அயல்நாட்டு நேரப் பணிக்கும் ஒரே மேசை பயன்படும்போது, இரண்டாவது திரைக்கு இடமும் இல்லை, பணமும் மிச்சமில்லை. ஆகவே பகிர்வு இங்கு ஆடம்பர வசதி அன்று. கழுத்தையும் முதுகையும் காக்கக் கிடைக்கும் மலிவான வழி.

பகிரும் முறைகளுள் எளியது, திரையின் இரு நுழைவாய்களில் இரு கணினிகளையும் இணைத்துவிட்டு, விசைப்பலகையையும் சுட்டியையும் யூஎஸ்பி ஸ்விட்ச் எனப்படும் சிறு மாற்றுப்பெட்டி வழியாக ஒரு பொத்தானில் மாற்றுவது. திரையையும் சேர்த்தே மாற்றும் பெட்டிக்குக் கேவிஎம் ஸ்விட்ச் என்று பெயர். விசைப்பலகை, காணொளி, சுட்டி என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே அவை. ஒவ்வொரு திரையும் தன் அளவையும் திறனையும் தெரிவிக்கும் குறிப்பு ஒன்றைக் கணினிக்கு அனுப்புகிறது. மலிவான பெட்டிகள், மாற்றியவுடன் இக்குறிப்பை மறுபக்கக் கணினிக்குத் துண்டித்துவிடுவதால், திரை கழற்றப்பட்டதாக அது எண்ணித் திறந்திருந்த சாளரங்களையெல்லாம் இடம்மாற்றிப் போடுகிறது. ஒரு நாளில் பத்து முறை மாற்றுபவருக்கு இது சிறு தொல்லையன்று. ஒரே கம்பியில் படமும் தரவும் மின்சாரமும் செல்லும் யூஎஸ்பி-சி டாக் இதைவிட நேர்த்தியானது. எனினும் சில டாக்குகள் தனி இயக்கி மென்பொருள் கேட்பதால், எதையும் நிறுவும் உரிமை பூட்டப்பட்ட அலுவலக மடிக்கணினியில் அவை பயன்படாமல் போகின்றன. வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

உண்மையான குறை கம்பிகளில் இல்லை, நினைவில் இருக்கிறது. திரையும் எளிய கம்பி விசைப்பலகையும் தம் வழியே சென்றதைச் சேமித்து வைப்பதில்லை. பென்டிரைவ், வெளிப்புற வன்தட்டு, இரு கணினிகளுக்கிடையே நகலெடுத்த உரையை வலைவழி கடத்தும் பகிர்வு மென்பொருள் ஆகியவையோ ஒரு பக்கத்தின் செய்தியை மறுபக்கத்துக்குக் கொண்டுசெல்பவை. இவ்வகை மென்பொருளில், வாடிக்கையாளரின் கணக்கு எண்ணை நகலெடுத்த அடுத்த நொடியே அது வீட்டுக் கணினியிலும் வந்து நிற்கிறது. பிள்ளை விளையாட்டுகளைப் பதிவிறக்கும் கணினி அது. தனிநபர் தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதால், நிறுவனங்கள் இத்தகைய மென்பொருளைத் தடுப்பது நியாயமே. அதே நிறுவனங்கள் கம்பிவழிப் பகிர்வையும் சேர்த்துத் தடைசெய்வதுதான் நியாயமற்றது.

எளிய கருவிக்கும் முழு நற்சான்று தந்துவிட முடியாது. யூஎஸ்பி கருவியின் உள்நிரலை மாற்றி எழுதி, அதை விசைப்பலகைபோல நடிக்கவைக்க முடியும் என்று 2014இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். பல நிறுவனங்களின் கம்பியில்லாச் சுட்டிகள், மறையாக்கம் இல்லாமல் வரும் போலி விசையழுத்தங்களையும் ஏற்றுக்கொள்கின்றன என்பது 2016இல் வெளிப்பட்டது. இதைப் பயன்படுத்தும் தாக்குதல் 100 மீட்டர் தொலைவு வரை எட்டக்கூடியது என்றார்கள் அதைக் கண்டறிந்தவர்கள். சுவரோடு சுவர் ஒட்டிய குரோம்பேட்டை அடுக்ககத்தில் 100 மீட்டருக்குள் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்று எண்ணினால், அலுவலகப் பணிக்குக் கம்பியுள்ள சுட்டியே தக்கது என்பது விளங்கும். ப்ளூடூத் வழி மூன்று கணினிகளோடு இணையும் விசைப்பலகைகளில் அன்றாடத் தவறு ஒன்றும் நேர்கிறது: விசைப்பலகை மாறி, சுட்டி மாறாமல் நிற்கும் வேளையில், வீட்டுக் கணினிக்கென்று தட்டிய கடவுச்சொல், கூட்டத்தில் அனைவரும் பார்க்கும் அலுவலகத் திரையில் விழுகிறது. ஒரே பொத்தானில் இரண்டையும் சேர்த்து மாற்றும் பெட்டி இதைப் பெருமளவு தவிர்க்கிறது.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் எழும் சிக்கல் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசை அமைப்பு, பெரும்பாலும் கணினியின் இயங்குதளத்தில்தான் குடியிருக்கிறது, விசைப்பலகையில் அன்று. எனவே வீட்டுக் கணினியில் தமிழ்99இல் சரளமாகத் தட்டும் கை, அதே பலகையை அலுவலக மடிக்கணினிக்கு மாற்றியதும் ஆங்கிலத்தில் தடுமாறுகிறது. எழுத்துக்கருவி மென்பொருளை நிறுவ அங்கே உரிமையும் இல்லை. இயங்குதளத்திலேயே தமிழ் விசை அமைப்பு சேர்ந்து வரும் இந்நாளில், அதை இயக்கித் தர ஒரு நிமிடம் போதும். தமிழகத்தில் இயங்கும் அலுவலகங்கள் அதைச் செய்யாமலிருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

இவ்வளவையும் எடைபோடும்போது, பகிர்வதற்கு எதிராக எழும் பாதுகாப்புக் குறைகளில் பெரும்பாலானவை ஒரு திரை, ஒரு கம்பி விசைப்பலகை, ஒரு கம்பிச் சுட்டி, ஒரு நல்ல மாற்றுப்பெட்டி ஆகியவற்றை நிறுவனமே வாங்கித் தந்தால் நீங்கக்கூடியவை; அவற்றின் மொத்த விலை ஒரு மடிக்கணினியின் விலையில் சிறு பங்குதான். கருவியைத் தரும் கடமை 2022 ஜூலையின் 43ஏ விதியில் எழுதப்பட்டிருந்தது. கருவி என்ற சொல்லுக்குள் திரையும் நாற்காலியும் அடங்குமா என்பதை ஊழியர் தரப்பு கேட்டாக வேண்டும். பணி அனுமதி முடியும் நாளில் மடிக்கணினி வளாகத்துக்குத் திரும்பிவிடும். அதுவரை அதற்காக உழைத்துத் தேய்ந்த திரையும், அதற்கு ஆன மின்கட்டணமும் குடும்பத்தின் கணக்கிலேயே நிற்கும்.