துல்லியம் குழலிலா, கையிலா: அரைத் தானியங்கிப் பிஸ்டல்கள் ஓர் ஒப்பீடு

பிஸ்டலின் துல்லியம் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் புழங்குகின்றன. துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பொருத்தி, ஒரே குறியை நோக்கிச் சுடும்போது குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பது முதல் அளவு. அதே துப்பாக்கியை ஒருவர் நின்றபடி கையை நீட்டிப் பிடித்துச் சுடும்போது கிடைப்பது இரண்டாவது. ராணுவத்திலும் காவல்துறையிலும் புழங்கும் ஒழுங்கான 9 மி.மீ. பிஸ்டல் எதுவாக இருந்தாலும், 25 மீட்டர் தொலைவில் தாங்கியிலிருந்து ஐந்து குண்டுகளை 5 முதல் 10 செ.மீ. வட்டத்துக்குள் போட்டுவிடும். நடுத்தரப் பயிற்சி பெற்றவர் கையில் எடுத்ததும் அந்த வட்டம் பல மடங்கு விரிந்துவிடுகிறது. தாங்கியில் கிடைத்த வட்டத்தை மட்டும் வைத்து இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிடுவது பாதி வேலைதான், அதிலும் சிறிய பாதி.

வட்டம் விரிவதற்குக் காரணம் கை நடுக்கம் என்று பொதுவாக நினைக்கப்படுகிறது. அது முழு உண்மையல்ல. க்ளாக் 17 பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 165 மி.மீ. தூரம். துப்பாக்கி முழுவதும் கோணம் மாறாமல் 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ. மட்டுமே தள்ளி விழும். ஆனால் பின் சைட் அசையாமல் முன் சைட் மட்டும் 1 மி.மீ. விலகினால், 25 மீட்டரில் குண்டு 15 செ.மீ. தள்ளிப் போகும். கை அலைவதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். கோணம் திரும்புவதைப் பொறுக்க முடியாது. சுடும் கணத்தில் கோணத்தைத் திருப்புவது ட்ரிகரை அழுத்தும் விரல். பிஸ்டல்களிடையே உள்ள உண்மையான வேறுபாடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் இயந்திரம். அரைத் தானியங்கிப் பிஸ்டலில் சுட்டவுடன் அதன் மேற்பகுதியான ஸ்லைடு பின்வாங்குவதால் குறி கெடும் என்ற எண்ணம் பழையது, தவறானதும்கூட. 9 மி.மீ. தோட்டாவின் குண்டு 8 கிராம் எடை. ஸ்லைடும் குழலும் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குண்டு குழல்வாயைக் கடக்கும் நேரத்தில் ஸ்லைடு பின்னால் நகர்ந்திருப்பது ஏறத்தாழ 2 மி.மீ. குழலையும் ஸ்லைடையும் பிணைத்திருக்கும் பூட்டு அப்போது திறந்திருக்காது. ஆகவே பின்வாங்குவதால் கேடில்லை. திரும்பி வரும்போது குழல் ஒவ்வொரு முறையும் சைட்டைப் பொறுத்து அதே இடத்தில், அதே கோணத்தில் உட்காருகிறதா என்பதுதான் கேள்வி.

இந்தப் பூட்டின் அடிப்படை, துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வகுத்தது. 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 அளவு கோல்ட் பிஸ்டலில் குழலின் மேற்புறப் பற்கள் ஸ்லைடின் உட்புறப் பள்ளங்களைக் கவ்வியிருக்கும். குழலின் அடியில் உள்ள சிறிய ஊசல் இணைப்பு, பின்வாங்கும்போது குழலின் பின்பகுதியைக் கீழே இழுத்துக் கவ்வலை விடுவிக்கும். குழல்வாயை ஒரு வளையம் தாங்கும். வளையம், இணைப்பு, ஸ்லைடு ஓடும் தண்டவாளம் ஆகிய மூன்றிலும் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதே இந்தப் பிஸ்டலின் துல்லியத்தைத் தீர்மானிக்கிறது. போர்க்காலத்தில் பெருமளவில் செய்யப்பட்டவற்றில் அந்த ஆட்டம் தாராளமாக இருந்தது; சேற்றிலும் மணலிலும் தடையின்றி ஓட அது தேவைப்பட்டது. அதே வடிவத்தைத் தேர்ந்த கைவினைஞர்கள் கையால் இழைத்து இறுக்கியபோது, ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெரி போட்டிகளில் 50 கெஜம், அதாவது ஏறத்தாழ 46 மீட்டர் தொலைவில் இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்தைத் தேடிப் பிடிக்கும் துப்பாக்கியாக அது மாறியது. ஒரு வடிவத்தைத் துல்லியமானது, துல்லியமற்றது என்று பொதுவாகப் பேசுவது எவ்வளவு பொருளற்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. இறுக்கியதற்கு ஒரு விலையும் உண்டு: தூசியும் கரியும் சேர்ந்தால் முதலில் நிற்பது இறுக்கப்பட்ட துப்பாக்கிதான்.

சுவிட்சர்லாந்தின் சிக் பி210 இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டது. சார்ல்ஸ் பெட்டர் வடிவமைத்த பிரெஞ்சு ராணுவப் பிஸ்டலின் உரிமையை சிக் நிறுவனம் 1937-இல் வாங்கி வளர்த்தெடுத்தது. சுவிஸ் ராணுவம் 1949-இல் அதை ஏற்றது. வழக்கமான பிஸ்டல்களில் ஸ்லைடு, கைப்பிடியோடு சேர்ந்த அடிச் சட்டத்தை வெளியிலிருந்து பற்றி ஓடும். பி210-இல் அது சட்டத்துக்கு உள்ளே, ஏறத்தாழ முழு நீளத் தண்டவாளத்தில் ஓடுகிறது. தாங்கும் பரப்பு நீளமாக இருப்பதால், பொருத்தத்தை அளவுக்கு மீறி நெருக்காமலே ஆட்டம் குறைகிறது. மற்றவை 25 மீட்டரில் காட்டிய வட்டத்தை இது 50 மீட்டரில் காட்டியது. தொழிற்சாலையிலேயே 50 மீட்டரில் சுடப்பட்ட சோதனை அட்டையும் துப்பாக்கியுடன் கொடுக்கப்பட்டது. ராணுவத்துக்கென்று வரிசையாகச் செய்யப்பட்ட பிஸ்டல்களில் இயந்திரத் துல்லியத்துக்கு முதலிடம் இதற்குத்தான். அதற்கு வேண்டியிருந்த உழைப்பும் செலவும் அதிகம். 1975-இல் அதன் இடத்துக்கு எளிய, மலிவான பி220 வந்தது.

சட்டத்துக்குள் ஓடும் ஸ்லைடைச் செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். 75 பலரும் வாங்கக்கூடிய விலையில் தந்தது. பின்னாளில் வேகச் சுடுதல் போட்டிகளில் அந்த வடிவமும் அதன் இத்தாலிய வழித்தோன்றல்களும் நிலைத்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். குறை சிறியதுதான்: ஸ்லைடின் வெளியே தெரியும் பகுதி குட்டையானது, வியர்வைக் கையால் பிடித்து இழுக்கச் சற்றுச் சிரமம்.

பி220-உம் அதிலிருந்து 1980-களில் பிறந்த பி226-உம் நுணுக்கமான பற்களைக் கைவிட்டன. குழலின் பின்பகுதியைச் சதுரக் கட்டையாக்கி, காலித் தோட்டா வெளியேறும் சாளரத்திலேயே அதைப் பொருத்திப் பூட்டின. செய்வதற்கு எளிது, பூட்டும் உறுதி. க்ளாக் உட்பட இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை இதே வழியில் செல்கின்றன. பெரெட்டா 92 இதிலிருந்து விலகி, ஜெர்மானிய வால்த்தர் பி38-இன் பாதையில், குழலைச் சாய்க்காமல் நேர்கோட்டிலேயே பின்வாங்கச் செய்து, கீழே விழும் ஒரு கட்டையால் பூட்டைத் திறக்கிறது. ஹெக்லர் உன்ட் கோக் பி7 இன்னும் ஒரு படி மேலே போனது: குழல் சட்டத்தில் அசையாமல் நிற்கும். சுடும்போது எழும் வாயுவின் ஒரு பகுதி, குழலுக்கு அடியில் உள்ள உருளைக்குள் புகுந்து ஸ்லைடைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும். குழல் நகராததால் அதன் துல்லியம் பி210-ஐ நெருங்குகிறது. தொடர்ந்து சுட்டால் அந்த உருளை, ட்ரிகருக்கு மேலே விரல் படும் இடத்தையே சூடாக்கிவிடும்.

தாங்கியில் பொருத்திப் பார்த்தால் பி210, பி7 இரண்டும் தனியாகத் தெரியும். மற்றவற்றிடையே உள்ள வேறுபாடு, அவற்றின் அன்பர்கள் வாதிடும் அளவுக்குப் பெரிதல்ல. ஒரே பிஸ்டலில் 7.5 கிராம் குண்டிலிருந்து 9.5 கிராம் குண்டுக்கு மாறினால் ஏற்படும் வேறுபாடு, சில வேளைகளில் இரண்டு பிஸ்டல்களுக்கு இடையே உள்ளதைவிட அதிகமாகிவிடும்.

ட்ரிகருக்கு வந்தால் கதை முற்றிலும் மாறுகிறது. இங்கே பார்க்க வேண்டியது ட்ரிகரை இழுக்கத் தேவையான அழுத்தத்தை மட்டுமல்ல. துப்பாக்கியின் எடையோடு அதன் விகிதத்தையும் பார்க்க வேண்டும். 1.1 கிலோ கோல்ட் 1911-ஐ 2 முதல் 2.5 கிலோ அழுத்தத்தில் சுடலாம். அதன் ட்ரிகர் அச்சில் சுழல்வதில்லை, நேராகப் பின்னால் சறுக்குகிறது. பயணம் மிகக் குறுகியது, விடுபடும் கணம் தெளிவானது. விரல் துப்பாக்கியைத் திருப்புவதற்கு நேரமே கிடைப்பதில்லை. நூறாண்டு கடந்த வடிவம் இன்றும் இலக்குச் சுடுதலில் நிற்பதற்கு இந்த ட்ரிகரே முதல் காரணம்.

பிரௌனிங் தொடங்கி, அவர் 1926-இல் இறந்த பின் பெல்ஜியத்தில் தியுதோனே சேவ் முடித்த ஹை-பவர் 1935-இல் வந்தது. இந்திய ராணுவமும் காவல்துறையும் நெடுங்காலமாக ஏந்தும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் இதே வடிவம். வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யப்படுவது. கையில் எடுத்ததும் இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் பிஸ்டல்கள் குறைவு. ஆனால் மேகசின் இல்லாதபோது சுடாமல் தடுக்கும் ஒரு பாதுகாப்புத் துண்டு, ட்ரிகரை இழுக்கும்போதெல்லாம் மேகசின் மீது உரசுகிறது. ட்ரிகரின் அசைவும் ஸ்லைடுக்குள் இருக்கும் ஒரு நெம்புகோல் வழியாகச் சுற்றித்தான் போகிறது. இரண்டும் சேர்ந்து இழுப்பைச் சொரசொரப்பாக்குகின்றன. நல்ல குழலையும் நல்ல கைப்பிடியையும் பெற்றிருந்தும் முழுப் பயனைத் தராமல் போன வடிவம் இது.

பெரெட்டா 92, பி226 ஆகியவற்றில் முதல் குண்டுக்கும் அடுத்த குண்டுகளுக்கும் இழுப்பு வேறு. முதல் இழுப்பு, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை ஏற்றவும் விடவும் வேண்டியிருப்பதால் அது நீண்டது. ஏறத்தாழ 5 கிலோ அழுத்தம் கேட்பது. ஒரு கிலோ எடையுள்ள பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப்போல் ஐந்து மடங்கு அழுத்தத்தை ஒரே விரலால் தர வேண்டும். ஸ்லைடு பின்வாங்கிச் சுத்தியலைத் தானே ஏற்றிவிடுவதால் இரண்டாவது குண்டுக்கு 2 கிலோ சொச்சம் போதும். புதியவர்களின் இலக்கு அட்டையில் முதல் ஓட்டை தனியாக, பெரும்பாலும் தாழ்வாக விழுந்திருப்பதற்குக் காரணம் இந்த மாற்றம். பயிற்சியால் கடக்கக்கூடிய தடைதான், ஆனால் அதற்கு நிறையத் தோட்டாக்கள் செலவாகும். சி.இசட். 75-இல் சுத்தியலை ஏற்றி சேஃப்டி போட்டு வைக்கும் வசதி இருப்பதால், நீண்ட முதல் இழுப்பைத் தவிர்க்க விரும்புவோர் தவிர்த்துவிடலாம்.

1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற க்ளாக் 17 இந்த இரட்டை நிலையையே ஒழித்தது. எல்லாக் குண்டுக்கும் ஒரே இழுப்பு, சுமார் 2.5 கிலோ. அது இனிமையான ட்ரிகர் அல்ல: முதலில் தளர்ந்து வந்து, பிறகு ரப்பர்போல இழுபட்டு விடுபடும். துப்பாக்கியும் இலேசு, 17 தோட்டா நிறைத்தாலும் 900 கிராம் சொச்சம்தான். மேகசின் காலியாகக் காலியாக எடை குறைந்து, விகிதம் மோசமாகிக்கொண்டே போகும். இலக்கு அட்டையில் பொறுமையாகச் சுடும்போது 1911-உம் பி210-உம் அதை எளிதில் வெல்லும். ஆனால் ஒரே ஓர் இழுப்பைக் கற்றால் போதும் என்பதால், குறைந்த பயிற்சி நேரத்தில் பலரைத் தேற்ற வேண்டிய காவல்துறைகளுக்கு அது மற்ற எதையும்விடப் பொருந்தியது. மிகத் துல்லியமான ட்ரிகரும் மிகப் பயனுள்ள ட்ரிகரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்தது உதைப்பு. .45 குண்டு 15 கிராம், வேகம் வினாடிக்கு 255 மீட்டர்; 9 மி.மீ. குண்டு 8 கிராம், வேகம் 360 மீட்டர். உந்தத்தைக் கணக்கிட்டால் .45 ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உதைக்கிறது. அந்த உதைப்பு கையில் எப்படி வந்து சேர்கிறது என்பதைக் குழல் கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தீர்மானிக்கும். குழல் உயரத்தில் இருந்தால் நெம்புகோல் நீளம் கூடிக் குழல்வாய் அதிகமாக எழும். பி226-இல் அந்த உயரம் அதிகம். எடையால் அது ஓரளவு ஈடுகட்டப்படுகிறது. க்ளாக், பி7 இரண்டிலும் குழல் கையோடு ஒட்டினாற்போல் தாழ்ந்திருப்பதால் அடுத்த குண்டுக்கு சைட் விரைவாகத் திரும்பி வருகிறது. மெதுவாகச் சுடுவோருக்கு இது ஒரு பொருட்டல்ல. வேகமாகச் சுடுவோருக்கு இதுவே பெரும் பலம்.

கைப்பிடியின் சாய்வும் கவனிக்கத்தக்கது. க்ளாக்கின் கைப்பிடி 1911-ஐவிடக் கூடுதலாகச் சாய்ந்தது. 1911-க்குப் பழகிய மணிக்கட்டு க்ளாக்கைத் தூக்கினால் குழல்வாய் வானம் பார்க்கும். எது சரி என்று இதில் தீர்ப்பு கூற இடமில்லை. பழக்கமே முடிவு செய்கிறது. ஆனால் பருமனில் பழக்கம் உதவாது. பெரெட்டாவின் தடித்த கைப்பிடியில் சிறிய கை உள்ளவரின் விரல்நுனி, முதல் நீண்ட இழுப்பின்போது ட்ரிகரைச் சரியாக எட்டாது. எட்டாத விரல் நேராக இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளும். துல்லியமான குழல் ஒன்று பலர் கையில் வீணாவதற்கு இது ஒரு காரணம். ஹை-பவரிலும் பி210-இலும் வேறு தொல்லை: பின்னால் சாயும் சுத்தியல், உயர்த்திப் பிடித்த கையின் பெருவிரல் இடுக்கைக் கடிக்கும். கடி வாங்கிய கை அடுத்த முறை தானாகவே தாழப் பிடிக்கும், உதைப்பும் கூடும்.

அமெரிக்க ராணுவம் பெரெட்டாவுக்குப் பதிலாக 2017-இல் தேர்ந்தெடுத்த சிக் பி320 வடிவத்தில், ட்ரிகர் தொகுதி தனி உலோகப் பெட்டியாக இருக்கிறது. வெளிக் கைப்பிடி மூன்று அளவுகளில் வருவதால் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற குறை அதே ஆண்டில் வெளிவந்து, பொதுச் சந்தையில் விற்றவற்றின் ட்ரிகர் பாகங்கள் மாற்றப்பட்டன. இலேசான, குறுகிய இழுப்பைத் தேடும்போது பாதுகாப்பு எல்லை எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதை அது காட்டியது.

அந்த ராணுவ வடிவத்தின் ஸ்லைடில் சிவப்புப் புள்ளி சைட் பொருத்த இடமும் விடப்பட்டிருக்கிறது. முன் சைட்டையும் பின் சைட்டையும் ஒரே கோட்டில் சேர்க்கும் வேலை இதனால் ஒழிகிறது. கண் குறியை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் விழும். வயதால் அருகுப் பார்வை மங்கியவர்களுக்கு இது பேருதவி. ஆனால் கோணப் பிழை மறைவதில்லை. ட்ரிகரை இழுக்கும்போது புள்ளி துள்ளுவது கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது, அவ்வளவுதான். புள்ளி சைட் உட்கார்ந்திருப்பதும் ஸ்லைடின் மேல்தான், குழலின் மேல் அல்ல. ஆகவே குழலும் ஸ்லைடும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற தேவை பிரௌனிங் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.