பேசச் சொன்னால் போதுமா?

கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவு வாசலில் சற்று நேரம் நின்றால் போதும். விபத்துக் கேஸை உள்ளே ஒப்படைத்துவிட்டு வரும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர், ஸ்ட்ரெச்சரில் படிந்த ரத்தத்தைத் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். ஸ்ட்ரெச்சர் சுத்தமாகிவிடுகிறது, மனசைத் துடைக்கத்தான் நேரமில்லை.

கொரோனா காலத்தில் புதுச்சேரியின் பெரும் சுமையைத் தாங்கியது இதே மருத்துவமனை. 2020 மார்ச் 22 அன்று இத்தகைய ஊழியர்களுக்காக நாடே கை தட்டியது. கைதட்டல் ஓய்ந்த பிறகு, சாவைப் பார்த்துப் பார்த்துக் களைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

வழக்கமான பதில், 'கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள்' என்பதுதான். இதற்கு முறையான வடிவம் தந்தவர், தீயணைப்பு வீரராகவும் இருந்த அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி மிட்செல். கொடூர நிகழ்வுக்குப் பின் சில நாட்களுக்குள் குழுவாக அமர்ந்து பேசும் முறையை 1983இல் முன்வைத்தார். 'உனக்கு மட்டும் இப்படியில்லை' என்று சொன்னதே அதன் பலம். ஆனால், ஒரே அமர்வில் முடியும் இத்தகைய பேச்சு பின்னாளில் வரும் மனக்காயப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று 2002இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பேசவைக்கப்பட்டவர்களே பின்னாளில் கூடுதலாக அவதிப்பட்டனர். அந்தத் தொகுப்பில் இருந்த ஆய்வுகள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களைத் தனித்தனியே பேசவைத்தவை; மீட்புக் குழுக்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஆறாத புண்ணைக் கிளறக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானதே. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடும் யாரையும் வற்புறுத்திப் பேசவைக்காதீர்கள் என்றே சொல்கிறது.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் (14416) இப்படி வற்புறுத்தும் குறையைத் தவிர்க்கிறது. இலவசம், இரவிலும் இயங்கும், பேசுவதா வேண்டாமா என்பது அழைப்பவர் விருப்பம். பலவீனமும் அங்கேதான். 'இதுக்கெல்லாம் அழுவாங்களா?' என்ற கேலிக்குப் பழகியவர், களைத்துப்போன நேரத்தில் தானாக எண்ணை அழுத்துவார் என்று எதிர்பார்க்கிறோம்.

2018இல் தமிழ்நாடு காவல்துறை, பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸுடன் தொடங்கிய நிறைவாழ்வுப் பயிற்சி இன்னும் ஒரு படி மேலே. காவலரின் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டதால், வீட்டில் எரிந்து விழுபவரைப் புரிந்துகொள்ள வீட்டாருக்கும் வழி பிறந்தது. எனினும், பயிற்சி முடிந்து திரும்புபவருக்குக் காத்திருப்பது அதே நீண்ட டூட்டி என்றால், கற்றது எத்தனை நாள் நிற்கும்?

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றுதான்: பாரத்தைக் குறைக்காமல், சுமப்பவரின் தோளைத் தேய்த்துவிடுகின்றன. ஆலோசனை தேவையில்லை என்பதல்ல. அது ஓய்வுக்கு மாற்றாகாது. குழந்தையின் உடலைத் தூக்கி வந்தவருக்கு முதலில் வேண்டியது ஒரு டீ, கூட வேலை பார்ப்பவரின் துணை, அடுத்த கேஸுக்கு வேறு வண்டி.

உதவி எண்ணைச் சுவரில் ஒட்ட ஒரு நோட்டீஸ் போதும். டூட்டி அட்டவணையில் அரை மணி நேரத்தைக் காலியாக விடத்தான் ஆள் சேர்க்க வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, நோட்டீஸ் மட்டும் சீக்கிரம் வந்துவிடுகிறது.