சாகிற டிஸ்க்குக்கு ஒரு மொய் நோட்டு: குனு டிடிரெஸ்க்யூ

குனு டிடிரெஸ்க்யூ கோப்புகளை மீட்டுத் தருவதில்லை. படிக்க மறுக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்தவரை ஒவ்வொரு செக்டாராகப் பிரதி எடுத்து, இன்னொரு நல்ல டிஸ்க்கில் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. போட்டோ எது, வீடியோ எது, ஃபோல்டர் எது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தோனியோ டியாஸ் டியாஸ் 2004 முதல் எழுதிப் பராமரித்துவரும் இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு விலையும் இல்லை, விளம்பரமும் இல்லை, அழகான முகப்பும் இல்லை; பெரும்பாலும் லினக்ஸில், கட்டளை வரியில்தான் ஓடும். ஆனாலும் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்வரை, வேறு எதையும் தொடுமுன் ஓட வேண்டியது இதுதான். வேலை நடக்கும்போதே அது எழுதிவைக்கும் மேப் ஃபைல் என்னும் ஒரு சின்னக் கோப்பு, சாதாரணப் பிரதிக் கருவிகளிலிருந்து இதைத் தனியாக நிறுத்துகிறது.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு மலையடிவாரத்தில், வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நீளும் ஊர்களில் இந்தக் கருவிக்கு வேலை வைப்பது பெரும்பாலும் ஸ்டூடியோக்களின் எக்ஸ்டர்னல் டிஸ்க்காகத்தான் இருக்கும். வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்கள் வந்தால் கல்யாணத்துக்குப் பின் கல்யாணமாக ஒரே 1 டிபி டிஸ்க்கில் ஏறும். ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் ஆடிப்பூரத் தேர் இருக்கிறது. ஆல்பம் டிசைன் முடியும்வரை இரண்டாவது பிரதி எடுக்க நேரம் இருக்காது. டிஸ்க் மேசையிலிருந்து விழும். காப்பி ஆகும்போதே யாராவது கேபிளைப் பிடுங்குவார்கள். கரண்ட் போய்ப் போய் வரும். பிறகு ஒருநாள் விண்டோஸ் திணறி நின்று, டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும்.

கணினி உலகின் மோசமான யோசனைகளில் அந்தப் பெட்டிக்கு நிச்சயம் இடம் உண்டு. விண்டோஸ் சொல்ல வருவது இவ்வளவுதான்: இந்த டிஸ்க்கின் கோப்பு அட்டவணை எனக்குப் புரியவில்லை. கேட்பதோ, அழித்துவிடட்டுமா என்று. ஆம் என்று அழுத்தினால் குவிக் ஃபார்மட் பழைய அட்டவணையின் மேல் புதியதை எழுதும். முழு ஃபார்மட் அதைவிட மோசம். விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை நிரப்பிவிடுகிறது. செக்டிஸ்க் ஓட்டுவதும் உதவாது. நல்ல டிஸ்க்கில் குழம்பிய அட்டவணையைச் சரிசெய்ய வந்த கருவி அது. சாகிற டிஸ்க்கில் அது படிக்க முடியாததையெல்லாம் பாழ் என்று முடிவுகட்டி, மிச்சத்தைப் பெயரில்லாத துண்டுகளாக்கி ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். டிஸ்க்கின் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு செக்டார் சரியாகப் படிக்கவில்லை என்றால் டிஸ்க் உடனே பிழை சொல்லாது. ஹெட்டை முன்னும் பின்னும் நகர்த்தித் திரும்பத் திரும்ப முயலும். ஒரு செக்டாருக்கே பல விநாடிகள் போகலாம். சாதாரண காப்பி முதல் பிழையிலேயே நின்றுவிடும், அல்லது அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும். அடிபட்ட ஹெட் இப்படி ஒவ்வொரு முறை முட்டும்போதும் அதன் மிச்ச ஆயுள் கரைகிறது. பக்கத்திலேயே நல்ல நிலையில் கிடக்கும் லட்சக்கணக்கான செக்டார்களைப் படிக்க வேண்டிய நேரம் வராத ஒன்றில் போகிறது.

டிடிரெஸ்க்யூ இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதல் சுற்றில் சுலபமாக வருவதை மட்டும் பெரிய துண்டுகளாக அள்ளும். பிழை வந்தால் அங்கே நிற்காமல் தாண்டிப் போகும். அடுத்ததும் பிழை என்றால் இன்னும் பெரிதாகத் தாண்டும். அடுத்த சுற்றில் எதிர்த்திசையிலிருந்து வந்து, விட்டுப்போன இடங்களை மறுபக்கமாக நெருங்கும். அது முடிந்த பிறகே ஓரம் வெட்டுதல்: பாழான பகுதியின் இரு முனைகளிலிருந்தும் செக்டார் செக்டாராக உள்ளே வந்து, எந்த இடத்தில் உண்மையில் பிழை தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. பிறகு சுரண்டல்: நடுவில் மிஞ்சியதை ஒவ்வொரு செக்டாராகத் தொட்டுப் பார்ப்பது. கேட்டுக்கொண்டால் மட்டும் மறுமுயற்சி. டிஸ்க் எந்த நிமிடமும் செத்துவிடலாம் என்று வைத்துக்கொண்டு வகுத்த வரிசை இது.

இத்தனை சுற்றும் குழம்பாமல் நடப்பது மேப் ஃபைலால். எந்த இடம் தந்தது, எது தரவில்லை, யாரிடம் இன்னும் கேட்கவே இல்லை என்று வரி வரியாகப் பதியும் மொய் நோட்டு அது. சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் மூன்று தகவல்: தொடங்கும் இடம், நீளம், ஒரு குறி. கூட்டல் குறி என்றால் கைக்கு வந்துவிட்டது. கேள்விக்குறி என்றால் இன்னும் தொடவில்லை. நட்சத்திரம், பிழை வந்து ஓரம் வெட்டாமல் கிடக்கும் துண்டு. சாய்கோடு, ஓரம் வெட்டியும் சுரண்டாதது. கழித்தல் குறி, பேட் செக்டார். சேதம் சிதறிப்போகாத டிஸ்க்கில், ஒரு டெராபைட்டின் முழு வரலாறும் சில கிலோபைட்டில் அடங்கிவிடும்.

இந்தக் கோப்பு ஓட்டத்தின்போதே அவ்வப்போது சேமிக்கப்படுகிறது. நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் சூடேறி யூஎஸ்பியிலிருந்து கழன்றுகொண்டாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். முன்பு கைக்கு வந்த எதையும் திரும்பப் படிக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்று முதல் சுற்றை மட்டும் முடித்து டிஸ்க்கை ஆறவிடலாம். நாளை வேறு கேபிளில், வேறு கணினியில், பின்பக்கத்திலிருந்து முயலலாம். எல்லாம் ஒரே கணக்கில் சேரும்.

இதே கணக்கு வழியாக ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களையும் இணைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் ஸ்டூடியோக்கள் கல்யாண டிவிடியைப் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தன. இன்று இரண்டும் கீறல் விழுந்து ஓடாமல் கிடக்கலாம். ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில் கீறல் விழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. செக்டார் அளவு 2048 என்று கொடுத்து முதல் டிவிடியைப் படித்துவிட்டு, அதே பிரதிக் கோப்பும் (இமேஜ்) அதே மேப் ஃபைலுமாக, மறுமுயற்சியும் கேட்டு இரண்டாவதைப் படித்தால், முதலாவதில் விட்டுப்போன இடங்களை மட்டும் அது தேடி நிரப்பும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து அச்சாகப் பதியப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இவ்வளவு பெருமைக்குரிய மேப் ஃபைல் இந்தக் கருவியில் கட்டாயம் இல்லை என்பதுதான் மன்னிக்க முடியாத குறை. கட்டளையில் மூலம், இலக்கு, மேப் ஃபைல் என்று மூன்று பெயர்கள். மூன்றாவதைக் கொடுக்காவிட்டாலும் டிடிரெஸ்க்யூ மறுப்புச் சொல்லாமல் ஓடத் தொடங்கிவிடும். எட்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் போகும்போதுதான் கணக்கு எதுவும் இல்லை என்பது தெரியவரும். பாதிப் பிரதியை வைத்து உத்தேசமாக ஒரு மேப்பை உருவாக்கும் வழி இருக்கிறது; அது பூஜ்யமாகக் கிடக்கும் இடங்களையெல்லாம் தொடாதவை என்று எடுத்துக்கொள்ளும். உத்தேசம் உத்தேசம்தான். கருவியின் உயிரையே விருப்பத் தேர்வாக வைத்திருப்பது, சிக்கனமான யூனிக்ஸ் மரபு பயனரை எவ்வளவு நம்புகிறது என்பதற்கு உதாரணம். பாழான டிஸ்க்கைக் கையில் வைத்திருக்கும் மனிதர் அந்த நம்பிக்கைக்கு உரிய நிலையில் இருப்பதில்லை.

அடுத்த ஆபத்து வரிசை. மூலம் முதலில், இலக்கு பிறகு. இலக்கு இன்னொரு டிஸ்க்காகவே இருந்தால் வற்புறுத்தும் விசையைச் சேர்க்காமல் எழுதாது. சேர்த்துவிட்டால் எதையும் கேட்காது. பெயர்கள் இடம் மாறினால் வெற்று டிஸ்க், கல்யாணங்களின் மேல் பிரதியாகும். கணினியை மறுபடி இயக்கும்போது லினக்ஸ் டிஸ்க்குகளுக்குத் தரும் பெயர்கள் மாறலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் பார்த்தே தொடங்க வேண்டும். டிஸ்க்குக்கு நேராக எழுதாமல் இமேஜ் கோப்பாக எடுப்பது இன்னும் பாதுகாப்பு. அந்தக் கோப்பு வைக்கும் டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபியில் வேலை நின்றுவிடும். டெபியன், உபுண்டுவில் நிறுவத் தேட வேண்டிய பெயர் ஜிடிடிரெஸ்க்யூ; டிடி_ரெஸ்க்யூ என்பது கர்ட் கார்லோஃப் எழுதிய வேறொரு கருவி.

வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை டிஸ்க்கில் இருக்கிறது. விநாடிக்கு 100 எம்பி வந்தால் 1 டிபி மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்பில் யூஎஸ்பி 2 மட்டும் இருந்தால், விநாடிக்கு 30 எம்பி என்று வைத்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த வேலைக்கு அதுவே தாராளம்: சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்த கணினி அது, பேட்டரி நன்றாக இருந்தால் கரண்ட் போனாலும் நிற்காது. நேரம் போவது கடைசிப் பகுதியில். பத்தாயிரம் பேட் செக்டார்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி என்றால் 28 மணி நேரம். முதல் 99 சதவீதத்துக்கு ஆனதைவிடக் கடைசி ஒரு சதவீதத்துக்கு அதிகம் ஆவது இங்கே வழக்கம். மிச்ச நேரம் என்று திரையில் வரும் எண்ணை நம்பிப் பயனில்லை. கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும். அது நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி டிஸ்க்கை ஆறவிடும் நேரம்.

இமேஜ் கைக்கு வந்தபின் வேலை மற்ற கருவிகளுக்கு. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், பார்ட்டிஷனையும் அட்டவணையையும் தேடிப் பிடித்து, பெயரோடும் ஃபோல்டரோடும் கோப்புகளை எடுத்துத் தரும். அதுவும் முடியாதபோதுதான் அவருடைய ஃபோட்டோரெக். அது கோப்பின் தொடக்க அடையாளத்தைப் பார்த்து வெட்டி எடுப்பது, பெயர்கள் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களாக வந்து விழும். கேமரா படத்துக்குள் பதித்த தேதியை வைத்து எந்தக் கல்யாணம் என்று பிரிக்க வேண்டியதுதான்.

எந்தக் கோப்பில் ஓட்டை என்று கண்டுபிடிக்கவும் மேப் உதவுகிறது. படிக்க முடியாத இடங்களை மட்டும் ஏதாவது ஓர் அடையாளச் சொல்லால் நிரப்பச் சொல்லி, பிறகு அந்தச் சொல் எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினால் அடிபட்டவை பட்டியலாக வரும். ஜேபெக் படத்தில் ஒரு செக்டார் போனால் அந்த இடத்துக்குக் கீழே படம் சாம்பல் நிறமாகவோ நிறம் பிசகியோ போகலாம். பழைய எம்பெக் வீடியோவில் ஒரு நொடி கட்டம் கட்டமாகி, பிறகு சரியாகிவிடும். எம்பி4 கோப்பில் அட்டவணை இருக்கும் பகுதி போனால், மற்றதெல்லாம் நலமாக இருந்தாலும் வீடியோ திறக்கவே திறக்காது.

கருவியின் எல்லை தெளிவானது. டிஸ்க் டிக் டிக்கென்று அடித்தாலோ, சுழலவே இல்லை என்றாலோ, கணினியில் அளவே பூஜ்யமாகக் காட்டினாலோ டிடிரெஸ்க்யூவுக்கு வேலை இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கும் வைத்தியம் ஈரத்தைத்தான் உள்ளே சேர்க்கும். இன்னொரு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் பொருத்துவதும் இன்று பலிப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி அளவுகள் அதன் போர்டிலேயே பதிந்திருக்கின்றன. சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் யூஎஸ்பி போர்டே தகவலைக் குறியாக்கம் செய்கிறது. போர்டைக் கழற்றி நேரே இணைத்தால் குப்பைதான் தெரியும். எஸ்எஸ்டியில் டிரிம் கட்டளை அழித்ததை இதுவும் திரும்பக் கொண்டுவராது.

இதற்கு அப்பால் தூசியில்லாத அறையில் ஹெட் மாற்றும் வேலை. 1993 முதல் இத்துறையில் இருக்கும் ஸ்டெல்லர் போன்ற நிறுவனங்களுக்குச் சென்னையில் கிளை உண்டு. அந்த வேலையின் உச்சம் கல்பனா சாவ்லா உயிரிழந்த கொலம்பியா விண்கலத்தின் டிஸ்க். 2003ல் சிதறி டெக்சாஸில் விழுந்து கருகிய அந்த டிஸ்க்கிலிருந்து செனான் வாயு ஆய்வுத் தகவலில் 99 சதவீதத்தை ஆன்ட்ராக் நிறுவனப் பொறியாளர்கள் மீட்டனர். ஆய்வு முடிவு 2008ல் வெளியானது. டாஸ் இயங்குதளம் தகவலைச் சிதறடிக்காமல் ஒரே இடத்தில் எழுதியிருந்ததும் அதற்கு உதவியது.

பொறுமையும் கட்டளை வரியில் கூச்சமின்மையும் இருப்பவருக்கு டிடிரெஸ்க்யூவுக்கு இணை இல்லை. மற்றவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முழு இமேஜ் எடுத்துவிட்டு வேலை செய்வீர்களா, நேரே டிஸ்க்கிலேயே ஸ்கேன் ஓட்டுவீர்களா என்பது. முதலாவது பதில் வந்தால் மட்டும் கொடுக்கலாம். வேலை முடிந்தபின் இமேஜோடு மேப் ஃபைலையும் அதே ஃபோல்டரில் வைத்திருக்க வேண்டும்; பின்னால் யாராவது மறுபடி முயன்றால் அது இல்லாமல் முதலிலிருந்து தொடங்க நேரும். மீண்டுவந்த டிஸ்க் நன்றாக ஓடுவதுபோலத் தெரிந்தாலும் அதில் இனி எதையும் ஏற்றக் கூடாது.