ஆணி இல்லாதது மட்டுமா பெருமை?

ஜப்பானிய மரமூட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் வியப்பது 'ஒரு ஆணிகூட இல்லை' என்பதைத்தான். ஆனால் ஜப்பானில் ஏழாம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட ஹொர்யூஜி ஆலயத்திலேயே கொல்லர் அடித்த இரும்பாணிகள் இருக்கின்றன. அந்தத் தச்சின் உயிர் வேறிடத்தில்: பூட்டியதைக் கழற்றலாம். 1934இல் தொடங்கிய திருத்த வேலையில் அங்குள்ள கட்டடங்களைப் பிரித்து, உக்கிய பாகத்தை மட்டும் மாற்றி மறுபடி பூட்டினார்கள்.

யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்ப் பக்கத்து நாற்சார் வீடுகளின் வேப்பமர நிலைகளிலும் இதே அறிவு உண்டு. நிலைக்காலின் கழுந்து மேற்சட்டத்தின் துளைக்குள் இறங்கும். குறுக்கே மர ஆணி. தேர்ந்த தச்சர் கழுந்தில் போடும் ஆணித்துளையை மயிரிழையளவு தோள்பக்கம் தள்ளிப் போடுவார். ஆணி இறங்க இறங்க மூட்டு தானாக இறுகும். அந்த ஆணியைத் தட்டி எடுத்தால் நிலை முழுசாகக் கழன்று வரும், இன்னொரு வீட்டுக்கும் உதவும்.

ஆனால் பனங்கைமரக் கூரைக்கு ஏறினால் கதை மாறுகிறது. பனைமரத்தின் வைரம் வெளிப்புறத்தில்தான், உள்ளே சோறு. நார் நெடுக ஓடுவதால் நுணுக்கமாக வெட்டிய நாக்கு பிளந்துவிடும். ஜப்பானியரின் ஹினோக்கி மரத்தில் செய்வதைப் பனங்கைமரத்தில் செய்ய முனைவது வீண் வேலை. அங்கே ஆணியும் போல்ட்டும்தான் சரி. எந்த மரத்திலும் துளை என்பது சட்டத்தின் சதையைத் தின்பதுதான், அதுவும் பாரம் வந்து விழும் இடத்திலேயே. ஜப்பானிலேயே 1995 கோபே நிலநடுக்கத்தில் கனத்த ஓடு சுமந்த பழைய மரவீடுகள் ஏராளமாகச் சரிந்தன. நமக்கு நிலநடுக்கப் பயம் குறைவு, புயற்காற்று உண்டு. கூரையைத் தூக்கும் காற்றுக்கு இரும்புப் பட்டி போடுவதில் தச்சருக்கு ஒரு இழுக்கும் இல்லை.

எனக்கு மனம் ஆறாதது விறாந்தைத் தூண்களைப் பார்க்கும்போதுதான். அடியைக் கறையான் அரித்தால் சுற்றிச் சீமெந்து பூசிவிடுகிறோம். ஈரம் உள்ளே அடைபட்டு மேலும் உக்குகிறது. ஜப்பானியத் தச்சர் உக்கிய அடியை மட்டும் அறுத்து, புதுத் துண்டைச் சாய்வெட்டில் கோத்துப் பூட்டுவார். தூணின் மீதி அப்படியே நிற்கும். இந்த ஒரு மூட்டை நம் தச்சுப் பட்டறைகளில் பழக்கினாலே எத்தனையோ வீடுகள் தப்பும். அதற்கு நன்றாகக் காய்ந்த பழைய மரமும், அவசரப்படாத கையும், அந்த நிதானத்துக்கேற்ற கூலியும் வேண்டும். பட்டறைகள் ஓடுவதோ பெரும்பாலும் உருப்படிக் கணக்குக் கூலியில். ஒரு தூணோடு நாள் முழுக்க மினக்கெடும் தச்சருக்கு நாட்கூலி கொடுக்க வீட்டுக்காரர் முதலில் முன்வரவேண்டும்.