ஒற்றை அபுவும் நான்கு கோமாளிகளும்

கடைக்காரர் ஒருவர் வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லி, திரும்பவும் வரச் சொல்வதில் சிரிப்பதற்கு ஏதும் இல்லை. ‘த சிம்ப்சன்ஸ்’ தொடரின் இந்தியக் கடைக்காரர் அபு அதையே சொன்னபோது அமெரிக்கா வயிறு குலுங்கச் சிரித்தது. பகிடி முழுவதும் உச்சரிப்பில் இருந்தது. இந்தியர் ஆங்கிலம் பேசினால் இப்படித்தான் இருக்கும் என்று நியூயோர்க்கில் பிறந்த வெள்ளை நடிகர் ஹாங்க் அசேரியா கட்டிய குரல் அது. ‘த பார்ட்டி’ (1968) படத்தில் முகத்தில் மை பூசி இந்தியராக நடித்த பீட்டர் செல்லர்ஸிடமிருந்து அதற்குத் தூண்டுதல் கிடைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நகலின் நகல்.

மாட் குரேனிங் உருவாக்கிய இந்தக் கார்ட்டூன் தொடர் 1989 டிசெம்பர் 17 அன்று ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. 2018 ஏப்ரலில் 636ஆவது அங்கத்தை எட்டியபோது, அமெரிக்காவின் முதன்மை நேரக் கதைத் தொடர்களில் ‘கன்ஸ்மோக்’ வைத்திருந்த சாதனையை முறியடித்தது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சிறுவன் பார்ட் சிம்ப்சனுக்கு மட்டும் இன்றும் பத்து வயதுதான்.

மூப்பில்லாத இந்த வரைபட உலகம் நையாண்டிக்குப் பெரிய வசதி. நடிகருக்கு நரைக்கும் என்ற கவலை இல்லை; நகரத்தையே எரித்துவிட்டு அடுத்த வாரம் பழையபடி தொடங்கலாம். அணு உலை முதலாளி, இலஞ்சம் வாங்கும் மேயர், சோம்பேறிப் பொலிஸ் என்று எவரையும் இந்தத் தொடர் விட்டுவைக்கவில்லை. அபுவும் வெறும் பகிடிப் பொம்மையாக இருந்ததில்லை. கணினியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மரக்கறி மட்டும் உண்பவர். ஊரின் மிகக் கடுமையான உழைப்பாளி. 1996இல் வந்த ஓர் அங்கத்தில், சட்டபூர்வ ஆவணங்கள் இல்லாத குடியேறிகளை நாடு கடத்த ஊரே வாக்களிக்கப் போகிறது. அபு அகப்பட்டுக்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் நிறைவேறிய, இத்தகைய குடியேறிகளுக்கு எதிரான 187ஆவது முன்மொழிவின் மீது விழுந்த நேரடி அடி அது.

பிறகு என்ன பிழை? அவர் தனியாள் என்பதே பிழை. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் தெற்காசிய முகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொடரின் கற்பனை ஊரான ஸ்ப்ரிங்ஃபீல்டில் வெள்ளைக்காரரில் முட்டாளும் உண்டு, அறிவாளியும் உண்டு; பார்ட்டின் தகப்பன் ஹோமரைப் பார்த்து எல்லா வெள்ளையரும் மடையர் என்று எவரும் முடிவுகட்டவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் தெற்காசியப் பிள்ளைக்குக் கிடைத்த பட்டப்பெயரோ அபு ஒன்றுதான். குயின்ஸில் வளர்ந்த நகைச்சுவையாளர் ஹரி கொண்டபோலு 2017இல் எடுத்த ‘த ப்ரொப்ளம் வித் அபு’ என்ற ஆவணப்படம் இதைத்தான் பேசியது. அவர் தொடரின் எதிரி அல்லர், இரசிகர்.

அடுத்த ஆண்டு வந்த பதில் தொடரின் தரத்துக்கே இழுக்கு. பல தசாப்தங்களுக்கு முன் கைதட்டல் பெற்ற ஒன்று இன்று தவறாகிவிட்டால் என்ன செய்வது என்று லிசா திரையைப் பார்த்துக் கேட்க, பக்கத்தில் அபுவின் படம். ஊரின் மனச்சாட்சியாக வளர்க்கப்பட்ட பாத்திரத்தின் வாயிலா இந்த நழுவல்? எல்லாரையும் பகிடி பண்ணிய தொடர், தன்மீது வந்த பகிடியைத் தாங்கமுடியாமல் முறைத்துக்கொண்டது.

பிறர் பேச்சைப் பாவனை செய்வதே குற்றம் என்று சொல்லிவிட முடியுமா? கொழும்பு வாசகர் அவ்வளவு இலேசாகத் தலையாட்ட மாட்டார். இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகள் கும்மாளம்’ நகைச்சுவை நாடகம் அவர் காதில் இருக்கிறது. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது. ராம்தாஸ் மரைக்காராக முஸ்லிம் தமிழ் பேசினார். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழ் பேசினார். ராஜகோபாலின் அப்புக்குட்டிக்கு யாழ்ப்பாணத் தமிழ், தெமட்டகொடையைச் சேர்ந்த அப்துல் ஹமீட்டுக்கு ஐயர் பாஷை. புதுக்கடை நீதிமன்றத்துக்கு வெளியே அரை மணிநேரம் நின்றால் இந்தக் குரல்களில் பலவற்றைக் கேட்கலாம், ஐயரைத் தவிர.

இங்கேயும் இரவல் நாக்குத்தான். ஆனால் இரவல் எல்லாப் பக்கமும் போனது: தமிழர் முஸ்லிமாக, முஸ்லிம் பிராமணராக. நால்வரும் சமமாக மடையர்கள், சமமாகக் கெட்டிக்காரர்கள். ஒருவரின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தவருக்கு அடுத்த நிமிடம் தன் உச்சரிப்பும் மாட்டிக்கொண்டது.

அதற்காகக் கோமாளிகளுக்கு முழுப் புள்ளியும் போட வேண்டியதில்லை. அந்த நால்வரில் மலையகத் தமிழுக்கு ஆள் இல்லை. தோட்டத்துத் தொழிலாளியின் பிரசாவுரிமையே பறிக்கப்பட்டிருந்த காலத்தில் அந்த விடுபடல் சிறியதன்று. உபாலியின் உடைந்த தமிழ் வேறொரு வகையில் சிக்கலானது. சிங்களம் மட்டும் சட்டம் வந்து இருபது ஆண்டுகளில், தமிழர் கந்தோர்களில் உடைந்த சிங்களம் பேசித் தடுமாறிய நாட்டில், தமிழ் வானொலி அதைத் திருப்பிப் போட்டுக் காட்டியது. கேட்டவருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால் உபாலியின் இனத்தவரில் எத்தனை பேர் தமிழ்ச் சேவையைக் கேட்டிருப்பார்கள்?

அபுவின் தனிமைக்குச் சிம்ப்சன்ஸிடம் மருந்து கைவசம் இருந்தது. ஆவணப்படத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே, 2016 ஜனவரியில், அபுவின் உறவுக்கார இளைஞன் ஜே அவருடைய கடைக்குள் வந்து, அபுவை இந்தியர் பற்றிய தேய்ந்த வார்ப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னான். குரல் கொடுத்தவர் இந்திய வம்சாவளி நடிகர் உத்கர்ஷ் அம்புட்கர். அந்தச் சண்டையை வளர்த்திருந்தால் நல்ல கதைகள் பல கிடைத்திருக்கும், தொடர் வளர்க்கவில்லை.

2020 ஜனவரியில் அசேரியா இனி அபுவுக்குக் குரல் கொடுப்பதில்லை என்று அறிவித்தார். 2021இல் மன்னிப்பும் கேட்டார். இடையில், 2020 ஜூனில், வெள்ளையர் அல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளை நடிகர்கள் குரல் கொடுக்கமாட்டார்கள் என்று தொடர் முடிவெடுத்தது. கறுப்பினப் பாத்திரங்களில் கார்லுக்கு அலெக்ஸ் டெசேர்ட் வந்தார், டொக்டர் ஹிபர்ட்டுக்குக் கெவின் மைக்கல் ரிச்சர்ட்சன் வந்தார். அபுவுக்குப் புதிய ஆள் வரவில்லை. கூட்டக் காட்சிகளில் வாய்பேசாமல் வந்துபோகிறார். கொண்டபோலு கேட்டது அபுவை அகற்றச் சொல்லி அல்ல. நன்றாக எழுதச் சொல்லித்தான் கேட்டார், அந்த வேலைதான் இன்னும் பாக்கி.