கினோசஸ்: அரண்மனையா, ஊர் முற்றமா?

பழங்கட்டடம் ஒன்றைத் தோண்டி எடுப்போர் முதலில் அதற்கு ஒரு பெயர் சூட்டிவிடுகின்றனர். பெயர் சூட்டியபின், உள்ளே கிடைப்பன எல்லாம் அப்பெயருக்கு ஏற்பவே பொருள் பெறுகின்றன. மன்னன் மாளிகை என்று சொல்லிவிட்டால், அங்குள்ள கல்லிருக்கை அரியணை ஆகின்றது. மண் தொட்டி அரசியார் நீராடிய தொட்டி ஆகின்றது. கிரீட் தீவிலுள்ள கினோசஸ் இதற்கு நல்ல சான்று. பள்ளிகளில் பண்டைய நாகரிகங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் 'மினோஸ் மன்னனின் அரண்மனை' என்று கூறியே அவ்விடத்தை அறிமுகம் செய்கின்றனர். அத்தொடரில் எவ்வளவு கண்டறிந்தது, எவ்வளவு கற்பித்துக்கொண்டது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அம்மேட்டை 1878-ஆம் ஆண்டிலேயே தோண்டிப் பார்த்தவர் மினோஸ் கலோகேரினோஸ் என்னும் கிரீட் நாட்டவர். எனினும் புகழ் முழுதும் ஆங்கிலேயரான ஆர்தர் எவன்ஸையே சேர்ந்தது. 1900 மார்ச்சில் அவர் பணி தொடங்கினார். சில கிழமைகளுக்குள் 'அரியணை அறை' வெளிப்பட்டது. கிரேக்கக் கதைகளில் வரும் மினோஸ் மன்னன் பெயரை அவர் ஒரு நாகரிகம் முழுவதற்கும் நிலைபெறச் செய்துவிட்டார். 1921 முதல் 1935 வரை வெளியிட்ட பெருநூலுக்கும் 'மினோசின் அரண்மனை' என்றே பெயரிட்டார்.

அம்மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனர் என்பதோ எவருக்கும் தெரியாது. அவர்களுடைய எழுத்து இன்றும் படிக்கப்படாமலே உள்ளது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டியது அதற்குப் பிற்பட்ட எழுத்து. அதன் மொழி கிரேக்கம். அக்களிமண் ஏடுகளில் 'வனக்ஸ்' என்னும் தலைவன் வருகின்றான் என்பது உண்மையே. ஆனால் அவன் கினோசசின் கடைசிக் காலத்தவன். கி.மு. 1900 அளவில் முதற்கட்டடத்தை எழுப்பியவர்களைப் பற்றிச் சொல்ல அவனைச் சாட்சிக்கு அழைத்தல் முறையன்று. ஆகவே, அம்மக்கள் யார், எவ்வாறு கூடி வாழ்ந்தனர் என்பதற்குக் கட்டடமே தலையாய சாட்சி. அந்தச் சாட்சியின் வாயில் நாம் சொற்களை வைத்தல் ஆகாது.

அரியணை அறையையே எடுத்துக்கொள்வோம். அது சிறிய அறை; ஒளி குறைந்தது. சுவரோரமாகக் கல் திண்ணைகள். அவற்றினிடையே உயர்ந்த முதுகுடைய ஓர் இருக்கை. எதிரே படியிறங்கிச் செல்லும் ஒரு பள்ளம். குடிபடைகள் சூழக் கொலுவிருப்பதற்கு ஏற்ற மண்டபமா இது? இருக்கையின் இருமருங்கும் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட விலங்குகள் தீட்டப்பெற்றிருந்தன. இத்தகைய விலங்குகள் தெய்வத்தின் இருபுறம் நிற்பனவாகவே வேறிடங்களில் காணப்படுதலின், அங்கே அமர்ந்தவள் தெய்வக்கோலம் பூண்ட பூசாரிணியே என்று ஹெல்கா ராய்ஷ் 1958-இல் எழுதினார். எவன்ஸும் முதலில் அவ்விருக்கையைப் பெண்ணொருத்திக்கு உரியதாகவே கருதினார் என்பது பலர் மறந்த செய்தி. அவருடைய 'பூசாரி மன்னன்' பின்னரே வந்து அமர்ந்தான்.

அம்மன்னனுக்கு உருவமும் வேண்டுமன்றோ? தலையணி, மார்பு, கால் எனத் தனித்தனியே கிடைத்த சுதை ஓவியத் துண்டுகளை இணைத்து, லில்லி மலர் முடி சூடிய இளவரசன் ஒருவனை எவன்ஸின் ஓவியர் உருவாக்கினார். அத்துண்டுகள் ஒரே உருவத்துக்கு உரியன அல்ல என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் காட்டியுள்ளனர். ஆனால் புத்தகம்தோறும் நிற்பவன் அவனே.

1920-களில் கம்பிக் காரை கொண்டு மேல்தளங்களையும் சிவந்த தூண்களையும் எவன்ஸ் மீண்டும் எழுப்பினார். இதற்காக அவரை வைதல் தகாது. மரத்தூண்கள் மட்கிப்போயிருந்தன, மழையில் கரையும் மென்கல் சுவர்கள் வேறு, தாங்கு கொடாவிடின் பெரும்படிக்கட்டு இடிந்து வீழ்ந்திருக்கும். குறை யாதெனில், தாங்கு கொடுத்த இடத்தோடு அவர் நில்லாமல், தம் கருத்தையும் காரையில் வார்த்துவிட்டமையே. நூலில் எழுதிய கருத்தை அடுத்த பதிப்பில் திருத்தலாம். காரையைத் திருத்துவது எங்ஙனம்?

இவற்றை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை நோக்குவோர்க்கு முதலில் தென்படுவது அறையன்று, முற்றமே. கினோசஸ், பைஸ்டோஸ், மாலியா ஆகிய மூன்றிலும் நடுமுற்றம் ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 25 மீட்டருக்கு உட்பட்ட அல்லது அதை ஒட்டிய அகலமும் உடையது. 1960-களில் நிக்கலாஸ் பிளேட்டன் தோண்டிய சாக்ரோசில் அது சிறியது. நான்கிலும் முற்றம் பெரும்பாலும் வடக்குத் தெற்காகவே நீண்டு கிடக்கின்றது. கட்டடத்தின் வெளிவிளிம்பு கோணல்மாணலாக உள்ளது. முற்றமோ நேராக அளந்து அமைக்கப்பெற்றது. முற்றத்தைச் சுற்றி அறைகள் வளர்ந்தனவேயன்றி, அறைகளின் நடுவே எஞ்சிய வெளி முற்றமாகவில்லை. மேற்கே மற்றொரு முற்றம் உண்டு. அது ஊரை நோக்கித் திறந்தது. அதன் குறுக்கே சற்று உயர்த்திய கல் நடைபாதைகள் செல்கின்றன. வரிசையாக நடப்போர்க்கும், அவர்களை நின்று காண்போர்க்கும் ஏற்ற அமைப்பு இது.

அங்கே கூடியவர்களை அவர்களே தீட்டியும் வைத்துள்ளனர். கினோசசில் கிடைத்த சிறு ஓவியம் ஒன்றில் பெருங்கூட்டம் காணப்படுகின்றது. சிவப்பு வண்ணத்தின்மேல் ஆடவர் தலைகள் நூற்றுக்கணக்கில் விரைந்த கோடுகளாக உள்ளன. முன்னே வெண்ணிற மகளிர் சிலர் அமர்ந்து, ஆடை மடிப்பும் கை அசைவும் தெரியப் பேசிக்கொண்டிருக்கின்றனர். நடுவிலே சிறு கோயில் ஒன்று உண்டு, மன்னனைக் காணோம். எகிப்திய மன்னர் தம்மைக் குடிகளைவிடப் பன்மடங்கு பெரியவராகத் தீட்டச்செய்த காலம் அது என்பதை நினைவிற்கொண்டால், இவ்வெறுமை எவ்வளவு வியப்புக்குரியது என்பது விளங்கும்.

இன்னும் பின்னோக்கிச் சென்றாலும் இதே இயல்பே தென்படுகின்றது. தெற்கே மெசாராச் சமவெளியில், இக்கட்டடங்கள் தோன்றுமுன்பே, வட்டமான கல்லறைகளில் பல தலைமுறையினரை ஒன்றாகவே இட்டுவந்தனர். தாம் இன்ன குழுவினர் என்பதை இறந்தோரிடத்திலும் கூடிநின்று உறுதிசெய்த மக்கள் அவர்கள்.

ஆனால் வீடுகளின் கதை வேறு. மாலியாவில் அரண்மனை எனப்படுவதற்கு வெளியே பெரிய மனைத் தொகுதி ஒன்று தோண்டப்பெற்றது. படியிறங்கும் பள்ளமும் செதுக்கிய கல்வேலையும் அங்கே மிகப் பழங்காலத்திலேயே உள்ளன. மேன்மைக்கு அடையாளமான இவ்வமைப்புகள் அரண்மனையிலிருந்து இறங்கி வந்தவை அல்ல, போட்டியிட்ட பெருங்குடும்பங்கள் தாமே படைத்தவை என்கிறார் இல்ஸ் ஷூப். இக்கருத்து எமக்கு வலிவுடையதாகவே தோன்றுகின்றது. ஒரு சுவர் முழுவதும் கதவுகளாகவே அமைந்த கூடமும் இவ்வகையினதே. கதவுகளைத் திறந்தால் கூடம் பொதுவிடம், மூடினால் அகம். உள்ளே வரத்தக்கவர் யார், வாயிலோடு நிற்கத்தக்கவர் யார் என்பதைச் சொல்லின்றி உணர்த்தும் கருவி அது. தேரா தீவின் அக்ரோத்திரி ஊரினரும் இத்தகைய கூடங்களைக் கட்டிக்கொண்டனர். கிரீட்டார் போல வாழ்தல் பெருமை எனக் கருதினர் போலும்.

இதனால் மினோவர் யாவரும் நிகராய் வாழ்ந்தனர் என்று முடிவுகட்டுவோரும் உளர். அஃது எவன்ஸின் கற்பனையைத் தலைகீழாக நிறுத்துவதேயாகும். ஓவியத்தில் முன்னிருக்கை பெற்ற மகளிர் வேறு, சிவப்பு வண்ணத்தில் கரைந்த தலைகள் வேறு. மேற்குப் பகுதிக் களஞ்சிய அறைகளில் ஆளுயரத் தாழிகள் வரிசையாக நின்றன. எண்ணெயையும் தானியத்தையும் அளந்து வாங்கியவரும் அளந்து கொடுத்தவரும் ஒரே தரத்தினராய் இருந்திருக்கமாட்டார். மறுபுறம், 1972-இல் வுண்டர்லிக் என்னும் ஜெர்மானிய நிலவியலார், மென்கல் படிகள் தேயவில்லை என்று காட்டி, கினோசஸ் இறந்தோர்க்கான இடமே என்று ஒரு நூல் எழுதினார். தொல்லியலார் அதனை ஏற்கவில்லை. மன்னனை வெளியேற்றும் ஆர்வத்தில் உயிருள்ளோர் அனைவரையும் வெளியேற்றிவிட்டார் அவர்!

இனித் தமிழில் எழுதுவோர்க்கு உரிய செய்தி. 'அரண்மனை' என்னும் சொல்லுக்கு அரணுடைய மனை என்று பொருள் கொள்வர் சிலர். அரசன் மனை என்பதன் திரிபு என்பர் வேறு சிலர். எவ்வாறு கொள்ளினும் கினோசசுக்கு அது பொருந்தவில்லை. கட்டடத்தைச் சூழ்ந்த கோட்டைமதில் அங்கில்லை. அரசனுக்கோ ஐயத்துக்கிடமற்ற சான்றில்லை. ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் இருமடங்கு தவறு செய்கின்றது. மேனாட்டாருள் ஜான் டிரீசன் முதலியோர் 'முற்றத்தை நடுவாகக் கொண்ட கட்டடம்' என்றே இப்பொழுது எழுதுகின்றனர். ஆயினும் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் கினோசஸ் உள்ளிட்ட ஆறு இடங்களைச் சேர்த்தபோது, அரண்மனை என்னும் பழம்பெயரின் சாயலிலேயே அவற்றைக் குறித்தது. பழகிய பெயரை ஒரேநாளில் நீக்கல் அரிது. பாடநூலில் 'அரண்மனை எனப்படும் முற்றமாளிகை' என்று எழுதி, பக்கத்திலே லில்லி முடி இளவரசன் படத்துக்கு மாற்றாக நடுமுற்றத்தின் வரைபடத்தை அச்சிடலாம்.