பத்தில் ஒன்றும் ஒரு பிடிச் சாமையும்

சம்பளக்காரருக்குத் தசமபாகம் எளிய கணக்கு. மாதம் பிறந்ததும் வங்கியில் விழுகிற தொகையில் ஒரு சுழியைத் தள்ளிவிட்டால் போதும். ஜவ்வாது மலையில் அந்தக் கணக்கு ஓடாது. இங்கே மானாவாரிச் சாமை. மழை ஏமாற்றினால் விதைத்ததுகூடத் திரும்பி வராது. புளி ஓர் ஆண்டு கொத்துக் கொத்தாய்க் காய்க்கும், அடுத்த ஆண்டு கைவிரிக்கும். பலாவுக்கு ஒரு பருவம், தேனுக்கு ஒரு பருவம், நடுவில் வெளியூருக்குக் கூலிக்குப் போன பிள்ளை அனுப்பினால் உண்டு. இதில் எதைப் பத்தாகப் பிரிப்பது? வானத்தைப் பார்த்து விதைக்கிறவரிடம் போய் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்ல ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும்? ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிகளின் ஊர்களுக்கு நற்செய்தியோடு போகிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தமிழ்க் கிறிஸ்தவத்தில் இதற்கு ஒரே விடை இருந்ததில்லை. பல வழிகள் உண்டு. ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு.

அவற்றில் கடினமானது, தேவையை மனிதரிடம் சொல்வதே இல்லை என்ற வழி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர் இதற்கு முன்னோடி. கடன் வாங்குவதில்லை, கை நீட்டுவதில்லை, ஜெபம் மட்டுமே என்று சொல்லி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்துவிட்டு 1898இல் மறைந்தார். நம் பக்கம் இந்த வழியை வேரூன்றச் செய்தவர் ஏமி கார்மைக்கேல். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் 1901 முதல் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்த அம்மையார், பணத்துக்காக விண்ணப்பம் விடுவதில்லை என்பதை இல்லத்தின் சட்டமாகவே வைத்தார். தேவைகள் சந்திக்கப்பட்ட விதத்தைச் சொல்வதற்கென்றே 1922இல் ஒரு நூலும் எழுதினார்.

இங்கே ஒரு முணுமுணுப்பு அன்று முதல் உண்டு. முல்லர் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டார். ஏமி அம்மையார் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். கேட்காமல் கேட்டது இது அல்லவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த காசை இன்ன நாளில் வந்தது, இன்னதற்குச் செலவானது என்று ஊரறிய எழுதிவைப்பது கொடுத்தவருக்குச் செலுத்தும் மரியாதை. கணக்கு எழுதாத விசுவாசத்தை நம்புவதுதான் சிரமம்.

இதே வழியின் வேறொரு கிளை பெந்தெகொஸ்தே சபைகளில் தழைத்தது. 1924இல் கொழும்பில் தொடங்கி இன்று சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் ஊழியர்கள் உள்ளதை விட்டு வருகிறார்கள், சம்பளம் கிடையாது, ஊழியர்கள் கூடி வாழும் விசுவாச வீட்டில் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் நான்காம் அதிகாரத்தை அப்படியே குடித்தனமாக்கிப் பார்க்கும் துணிவு அது.

நம் மலையடிவாரத்துக்கு வருவோம். ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர், ஆலங்காயம் வழியாக இறங்கினால் திருப்பத்தூர். அங்கே 1921இல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், எஸ். ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் பெரிய கம்பளி நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் ஊருக்குத் தெரியும். கதர் உடுத்தி, மரக்கறி உண்டு, மணம் செய்யாமல், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கோபுரமும் தூண்களுமாகத் திராவிடப் பாணியில் எழுந்த அவர்களது ஜெபாலயத்தை இன்றும் பார்க்கலாம். கோடீஸ்வர வீட்டுப் பிள்ளை தன் சொத்தை ஆசிரமத்துக்குத் தந்தார் என்பதோடு கதையை முடித்துவிடுகிறோம். அவர் தந்தது பணம் மட்டுமன்று. விடுதலைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த 1932இல் சென்னைத் தெருவில் கதர் உடையில் நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்தார்கள். வெள்ளைக்காரர் என்ற காப்பையும் சேர்த்தே அவர் காணிக்கையாக்கியிருந்தார். கொடையின் அளவுகோலை இங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்: கொடுத்த பிறகு கொடுத்தவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்?

கத்தோலிக்க மரபு பத்தில் ஒன்று என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. அவரவர் சக்திக்கேற்பத் திருச்சபையின் தேவைக்கு உதவுவது கடமை என்று நிறுத்திக்கொள்கிறது. உண்டியல், நேர்ச்சை, அந்தோணியார் அப்பம், 1833இல் பாரிசில் பிறந்து பங்குதோறும் பரவிய வின்சென்ட் தே பவுல் சபை என்று அதன் கைகள் பல. ஏழை வீட்டை நேரில் போய்ப் பார்த்துக் கொடுப்பது என்ற வின்சென்ட் சபையின் ஒழுங்கு மற்றவர்களும் கற்கத்தக்கது.

கடைசியாகக் கிளம்பியது 'விதை' போதனை. ஆயிரம் விதைத்தால் நூறு மடங்கு அறுக்கலாம் என்ற இந்தப் பேச்சு அமெரிக்காவிலிருந்து தொலைக்காட்சி வழியாக மலைக்கும் ஏறிவிட்டது. மல்கியா மூன்றாம் அதிகாரமும் சாறிபாத் விதவையும் இவர்களுக்குக் கைவசச் சரக்கு. கடைசிப் பிடி மாவைத் தீர்க்கதரிசி எலியாவுக்குத் தந்தாள், பானை குறையவில்லை என்பார்கள். அந்த விதவை வரும் அதிகாரத்தின் முன்பகுதியைச் சொல்ல மாட்டார்கள். எலியா அப்போது காகம் கொண்டுவந்ததைத் தின்று, ஆறு வற்றிப்போய் வந்திருந்தான். கேட்டவனும் அதே பஞ்சத்தில் இருந்தான். பிறகு அதே வீட்டில் தங்கி அதே பானையிலிருந்து சாப்பிட்டான். குளிரூட்டிய காரில் வந்திறங்கி விதவையிடம் மாவு கேட்பவர் எலியா வரிசையில் சேர மாட்டார். மழையை மட்டும் நம்பி விதைக்கிறவருக்கு விதை முளைக்காமல் போவதும் தெரியும். அதைப் பாவம் என்று அவர் தலையில் கட்டுவது கொடுமை.

இத்தனை வழிகளிலும் மலைக்கு மிக அருகில் வருவது அசரியா ஆண்டகையின் வழி. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா முன்னின்று 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. 1912இல் அவர் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டில் இருந்த அவருடைய தோர்ணக்கல் பேராயத்தில் பெரும்பாலோர் மாலா, மாதிகா குடிகளைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். அவர்களிடம் என்ன இருக்கிறது என்று அவர் ஒதுங்கவில்லை. தானியம் வாங்கினார், கோழி வாங்கினார், பிடியரிசி வாங்கினார். கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலே எழுதினார். 1939இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தில் அந்தக் கூலிக்காரர்களின் காணிக்கையும் கலந்திருக்கிறது. பெற்றுக்கொண்டே இருக்கும் சபை நிமிராது என்று அவர் கண்டார். ஏழையிடம் வாங்க மறுப்பதும் ஒருவகை அவமதிப்பு என்று நினைத்தார்.

பிடியரிசியின் நயம் அதன் இடத்தில் இருக்கிறது. உலை கொதிக்கும்போது, படியில் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அம்மா எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். அன்று இரண்டு படி என்றாலும் ஒரு பிடி. அரைப்படி என்றாலும் ஒரு பிடி, கொஞ்சம் சிறிய பிடி. சம்பளமும் ரசீதும் இல்லாத வீட்டில் தசமபாகம் இப்படித்தான் நடக்கும். இங்கே அரிசிக்குப் பதில் சாமை என்றால் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒரு பூசணிக்காயை ஒருவர் ஏலத்தில் எடுத்து மறுபடி காணிக்கையாகவே வைக்க, அடுத்தவர் எடுக்க, அதே காய் நாலு முறை விலைபோகும் கூத்து அழகானது. பின்வரிசையில் ஒரு சிறங்கைத் தினையோடு நிற்கிற பாட்டியின் பெயரை ஒலிபெருக்கி சொல்லாமல் விடுவது அழகில்லை. மின்விசிறி இறக்கையில் 'உபயம்' என்று எழுதும் நம் வழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்; காற்று வீசும்போது பெயர் தெரியாது என்பது ஒன்றே ஆறுதல்.

சமவெளிச் சபைகள் இந்த மலைக்குக் கொடுத்தவை குறைவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக நலப் பிரிவினர் ஊர் ஊராக வந்து வைத்தியம் பார்க்கிறார்கள். நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு போன்றவை உள்நாட்டு விசுவாசிகளின் காணிக்கையையே நம்பி மலைப்பகுதிகளுக்கும் வடநாட்டுக்கும் ஊழியர்களை அனுப்பியிருக்கின்றன. கூடவே ஒரு பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது: போர்வை கொடுத்தால் வாங்குகிறவரை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பது. மலைச் சபையின் பெட்டியில் விழுந்தது எவ்வளவு, அது எந்த ஊர்ப் பிரசவத்துக்கு ஜீப் வாடகையானது, யார் வீட்டுக் கூரைக்குத் தகரமானது என்று மலை உபதேசியார் ஞாயிறு ஆராதனை முடிவில் வாசிக்கட்டும். சமவெளியிலிருந்து வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்டு முடித்தபின் சாமைச் சோறு அவர்களுக்கும் பரிமாறப்படும். வாங்கிச் சாப்பிட வேண்டும்.